வடக்கே திரும்பும் விமானங்கள்

விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளுக்கு உமாதேவி மெஸ் நடத்தப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஹொசகெரே லேஅவுட்டில் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டு லிங்கம்மா கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்துவிட்டாள். "உன் வீட்டுக்காரர் இப்படிக் கிடக்கிறதுக்குக் காரணமானவங்களுக்கா நீ பொங்கிப் போடப் போறே? உனக்கு ரோஷமே இல்லையா?" என்று கன்னடத்தில் கத்தினாள். உமாதேவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ரோஷம் இருக்கறதாலதான்" என்றாள். லிங்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மைசூரின் ரிங் ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அந்த லேஅவுட். டிரைவர்கள், ஃபேக்டரிக்குப் போகிறவர்கள், தையல்காரர்கள், பெயிண்டர்கள் என்று சின்னச் சின்னதாக மனை வாங்கி, தளம் ஒரு வருஷம், பூச்சு ஒரு வருஷம் என்று வீடு கட்டிக் குடியேறியவர்கள். அதற்குத் தெற்கே கேப்டன் உதயசங்கர் தனியாகப் போட்டுக்கொண்ட ஓடுபாதையும் அவருடைய விமானப் பயிற்சி அகாடமியும் இருந்தன. கேப்டன் ஒரு காலத்தில் பெரிய விமானங்கள் ஓட்டியவர். அகாடமி வந்த புதிதில் லேஅவுட் ஜனங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து வேடிக்கை காட்டினார்கள்.

பிறகு ராத்திரிப் பயிற்சி தொடங்கியது. இருட்டியதும் ஓடுபாதையில் விளக்குப் போடுவார்கள். ஒரு விமானம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கும். சக்கரம் தரையைத் தொட்ட மாத்திரத்தில் மறுபடி எழும்பிவிடும். அதன் பின்னாலேயே இன்னொன்று. எழும்பியவை எல்லாம் வடக்கே திரும்பி லேஅவுட்டுக்கு நேர் மேலேதான் வட்டமடித்தன. சின்ன விமானம்தான். ஆனாலும் ஒரு மாவு மில்லை ஓடவிட்டபடியே கூரைக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். தூங்குகிற குழந்தை விசுக்கென்று கையைக் காலை உதறும். சத்தம் தேய்ந்து, சரி, போய்விட்டது என்று கண்ணை மூடினால் அடுத்தது வந்துவிடும். நடுநிசி வரைக்கும் இதே கதைதான்.

உமாதேவியின் புருஷன் சந்திரன், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். விடியற்காலை முதல் வண்டி அவனுடையது. வழியில் இருக்கிற ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளையான அவனுக்கு அந்தப் பாதை வீட்டு முற்றம் மாதிரி. சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்து, ஊர் உறங்குகிற நேரத்தில் எழுந்து போகிறவன். விமானங்கள் வந்த பிறகு அவனுக்குப் படுக்கை இருந்தது, தூக்கம் இல்லை. தலையணையைக் காதோடு அமுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டான். அது அவன் சுபாவம்.

லேஅவுட்டுக்காரர்கள் ஒரு தடவை கூட்டமாகப் போய் கேப்டனைப் பார்த்தார்கள். குளுகுளுவென்ற அறையில் எல்லாருக்கும் காபி கொடுத்தார். "எந்தப் பக்கம் பறக்கணும்னு நான் முடிவு பண்றதில்லை. அதுக்கு ரூல்ஸ் இருக்கு, காத்து இருக்கு, மேல ஆபீசருங்க இருக்காங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். சந்திரன் தயங்கித் தயங்கி எழுந்து, தான் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் என்றும் தூக்கம் கெட்டால் ஆபத்து என்றும் சொன்னான். கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வேற வேலை பாருங்க. உங்களுக்காக நான் வானத்தை மூடி வைக்க முடியுமா?" அறையில் இருந்த அகாடமி ஆட்கள் சிரித்தார்கள். சந்திரனும் கூடச் சேர்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்ததுதான், கூடப் போயிருந்த உமாதேவிக்கு நெஞ்சில் தைத்தது.

அந்த மார்கழியில் விபத்து நடந்தது. கௌதள்ளியைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் சந்திரன் கண்ணசந்துவிட்டான். பஸ் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்ப் பெரிய புளியமரத்தில் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சந்திரனுக்கு வலது கால் நொறுங்கியது. முன்படியில் நின்றிருந்த கண்டக்டர் தொட்டையன் அந்த இடத்திலேயே போய்விட்டான். கௌதள்ளிக்காரன். இருவரும் ஒரே வண்டியில் சேர்ந்து வேலை பார்த்து வெகுகாலம். மனைவிமாரோடு இருந்ததைவிட அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உமாதேவியின் போனுக்கு யாரோ அந்த வீடியோவை அனுப்பினார்கள். ஒரு உள்ளூர் சேனல்காரன் கேப்டனின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, தூக்கம் கெட்டுத்தான் விபத்து என்று ஜனங்கள் சொல்கிறார்களே என்று கேட்கிறான். கேப்டன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்: "அந்த டிரைவர் என்ன குடிச்சிருந்தார்னு முதல்ல விசாரிங்க."

சந்திரன் மாதேஸ்வர சாமிக்கு மாலை போட்டுக் குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அதை எந்தச் சேனலும் காட்டவில்லை. பஸ் முதலாளி குடிப் பேச்சைப் பிடித்துக்கொண்டு சந்திரனை நீக்கினார். லேஅவுட்டிலேயே இரண்டொருவர் அவள் காதுபட, "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல" என்றார்கள்.

சந்திரன் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்த நாளில் உமாதேவி கேப்டனைத் திட்டித் தீர்த்தபோது, அவன் கட்டிலில் உட்கார்ந்து, "தூங்கினது நான்தானே உமா" என்று மட்டும் சொன்னான்.

"உங்களைத் தூங்க விடாதவன் அவன்."

"வண்டி என் கையில இருந்துச்சு."

அந்தப் பதிலை அவளால் தாங்க முடியவில்லை. புருஷன் அந்தப் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, அதை இறக்கி அந்த ஆள் தலையில் வைக்க வேண்டும் என்ற வெறி அவளுக்குள் ஊறியது. குளிக்கும்போதும் அதே நினைப்பு, கோவிலில் கண்ணை மூடினாலும் அதே. அந்தக் கேப்டன் சிரித்த சிரிப்பு அவன் முகத்திலேயே செத்துப்போவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்த பிறகு தன் உயிர் போனாலும் சரி.

அதற்குத்தான் மெஸ். அகாடமி கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்பது ஊருக்கே தெரியும். முன்னறையில் பெஞ்சு போட்டாள். கொள்ளு ரசம், தக்காளிச் சோறு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. பிள்ளைகள் தேடி வந்தார்கள். அவர்கள் பாவம், அவர்கள் மீது அவளுக்கு ஒன்றுமில்லை. அவர்களோடு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிரசாந்த்தும் வந்தான். ஈரோட்டுக்காரன், முப்பது தாண்டியவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உமாதேவியும் அந்தப் பக்கத்துப் பெண்தான்; இவ்வளவு தூரத்தில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டான்.

உமாதேவி அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் சோறு போட்டாள். ஒரு நாள் அவன் மட்டும் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஏந்தம்பி, காத்து எப்பவும் ஒரே பக்கமாவா அடிக்குது? வடக்கேதான் திரும்போணும்னு ரூல்ஸாமே?"

பிரசாந்த் நிமிர்ந்தான். "ரூல்ஸா? யாரு சொன்னா?"

"உங்க கேப்டன்தான்."

அவன் சோற்றைப் பிசைந்தான். "அப்படியெல்லாம் இல்லீங்கக்கா. மொதல்ல எல்லாம் தெக்கதான் திரும்புவோம். அங்க ஏரி, அதுக்கு அந்தாண்ட பொட்டல் காடு. வீடு வாசல் கெடையாது. சொல்லப்போனா அதுதான் நல்ல வழி. அப்புறம் ஒரு நாள் கேப்டன் கூப்பிட்டு, இனிமே எல்லாரும் வடக்கேன்னு சொல்லிப்போட்டாரு."

"ஏனாம்?"

"ஏரிக்கரையில அவரு வில்லா கட்டறாரில்ல. மௌனவனான்னு. சத்தமே இல்லாத எடம்னு சொல்லித்தான் பெங்களூர்க்காரங்களுக்கு விக்கிறாரு."

உமாதேவியின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை அவள் கீழே போடவில்லை. அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். "நல்லாச் சாப்புடு கண்ணு" என்றாள். பிறகு கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான்கு பணக்காரர்கள் ஏரிக் காற்றில் நிம்மதியாகக் கண்ணுறங்க வேண்டும் என்று இத்தனை வீட்டுத் தூக்கத்தையும் எடுத்து விற்றிருக்கிறான். தொட்டையனையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறான். ரூல்ஸாம். காத்தாம்.

அன்று இருட்டியதும் விமானங்கள் வந்தன. அவள் முதல் தடவையாக அந்தச் சத்தத்தை ஆசையோடு உட்கார்ந்து கேட்டாள்.

கொஞ்ச நாளில் மௌனவனாவின் திறப்பு விருந்து வந்தது. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிராமத்துச் சாப்பாடு போட்டால் எடுப்பாக இருக்கும் என்று மேனேஜருக்கு யோசனை. மெஸ்ஸைப் பற்றி அகாடமிப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். ஆள் அனுப்பிக் கேட்டான். உமாதேவி ஒப்புக்கொண்டாள். மெனு பேசப் போனபோது கேப்டனே எதிரில் வந்தார். அவளைப் பார்த்து, "ராகி ரொட்டி மெல்லிசா இருக்கணும், ஆயிதா, சரியா?" என்றார். அவருக்கு அவள் முகம் நினைவில்லை. அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பரிமாற லேஅவுட்டிலிருந்தே பெண்களைக் கூட்டிக்கொண்டாள், எல்லாரும் சிவப்புச் சேலையில் வரச் சொன்னாள். லிங்கம்மாவுக்கு இப்போது விஷயம் தெரியும். சிவப்புச் சேலையைத் தேய்த்து வைத்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விருந்தன்று ராத்திரிப் பயிற்சி பிரசாந்த்தின் பொறுப்பு. அவனிடம் உமாதேவி நேராகவே பேசினாள். அவனுக்கு ஒரு பெரிய விமானக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, அந்த வாரத்தோடு கிளம்புகிறான். "அன்னிக்கு ஒரு பொழுது தெக்கே திருப்புங்க தம்பி. உங்க பழைய வழிதானே."

அவன் அவளையே பார்த்தான். அதற்குள் சந்திரனின் கதை அவனுக்கும் தெரிந்திருந்தது. "இது பழி வாங்கறதுங்கக்கா."

"ஆமா தம்பி. பழிதான்."

அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு அவன், "தெக்கே திரும்பறதுல தப்பொண்ணும் இல்ல. ஆனா தாழப் பறக்க மாட்டேன், வித்தை காட்ட மாட்டேன். பசங்க உசுரு எம்பொறுப்பு. எப்பவும் போற மாதிரிதான் போவோம்" என்றான்.

"அதே போதும். எங்க தலை மேல எப்படியோ, அப்படியே."

விருந்தன்று ஏரிக்கரைப் புல்வெளியில் வெள்ளைத் துணி போட்ட மேஜைகள், மண் குடுவைகளில் மல்லிகைச் சரம். பொழுது சாய்ந்து வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கேப்டன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். நகரத்தில் மனுஷன் எதை இழந்துவிட்டான் என்று ஆரம்பித்தார். பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றை இங்கே தருவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்குங்க. இந்த மௌனத்தைக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் மூடினார்கள். தவளைச் சத்தம் கேட்டது. உமாதேவி மட்டும் கண்ணைத் திறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் விமானம் மரங்களுக்கு மேலாக வந்தது. நேரே தலைக்கு மேல் உறுமிக்கொண்டு திரும்பியது. மேஜை மேல் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. சத்தம் ஓய்ந்ததும் கேப்டன் சிரித்து, ஏதோ சமாளித்துப் பேச வாயைத் திறந்தார். இரண்டாவது வந்தது. அது போகும்வரை வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு மூன்றாவது.

கேப்டன் போனை எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாகப் போனார். அதற்குள் நரைத்த தலை டாக்டரம்மா ஒருவர், வில்லா வாங்க வந்தவர், எழுந்து அவர் எதிரில் நின்றுகொண்டார். "தினமும் இப்படித்தான் இருக்குமா?"

"சேச்சே, இல்லை மேடம். இன்னைக்கு யாரோ தப்புப் பண்ணிட்டாங்க. என் ஆளுங்கதான். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் வடக்கே போயிடும்."

"வடக்கே யாரும் இல்லையா?"

"அங்கே டிரைவருங்க, லேபர் ஜனங்க. அவங்களுக்கு இதெல்லாம் பழகிடுச்சு மேடம்."

உமாதேவி கையிலிருந்த தட்டை மேஜை மேல் வைத்தாள். பரிமாறிக்கொண்டிருந்த எல்லாப் பெண்களும் அவளைப் பார்த்துத் தங்கள் தங்கள் பாத்திரங்களை வைத்தார்கள். புல்வெளி முழுக்கச் சிவப்புச் சேலைகள் அசையாமல் நின்றன.

"எங்களுக்குப் பழகலை சார்" என்றாள் உமாதேவி, எல்லாருக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில். "நாங்கதான் அந்த வடக்குப் பக்கத்து ஜனங்க. எந்தப் பக்கம் பறக்கிறதுங்கறது உங்க கையில இல்லைன்னு எங்களுக்குக் காபி கொடுத்துச் சொன்னீங்க. இப்ப இந்த அம்மாகிட்ட, ஒரு வார்த்தை போதும்ங்கறீங்க. எது நிஜம்?"

நாலாவது விமானம் அவள் பேச்சுக்கு மேலாகப் போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தாள். விருந்தாளிகளில் சிலர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டையனைப் பற்றிச் சொன்னாள். புளியமரத்தைப் பற்றிச் சொன்னாள்.

"யாரும்மா நீ? யார் உன்னை உள்ளே விட்டது?" கேப்டனின் குரல் கீச்சிட்டது.

"அந்தக் குடிகார டிரைவரோட பொண்டாட்டி."

அவர் முகத்தை அவள் துளித்துளியாகக் குடித்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. பட்டு ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிரிக்க முயன்ற உதடு பாதியில் நின்று ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் தரையைப் பார்த்தான். டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாயசம் தொடாமலே கிடந்தது. பெண்கள் மிச்சச் சாப்பாட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு போய், வில்லா கட்டுகிற ஆட்களின் தகரக் கொட்டகையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்தப் படம் ஊரெல்லாம் பரவியது. ரூல்ஸ் என்று கேப்டன் சொன்னதை நம்பி, லேஅவுட்டுக்காரர்கள் முன்பு கொடுத்த புகாரை ஒதுக்கி வைத்திருந்த அதிகாரிகளுக்கே அவமானமாகப் போய்விட்டது. வில்லாவுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள், கட்டட வேலை நின்றது. தகரக் கொட்டகையின் மேஸ்திரி பழனி, தர்மபுரிக்காரன், மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போகிற வழியில் மெஸ்ஸுக்கு வந்து, "எங்க பொழப்பும் போயிருச்சுக்கா" என்றான். வருத்தமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஆனால் திரும்ப அதே வாய்ப்பு வந்தால் அதையேதான் செய்வேன் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

லேஅவுட்டின் சமுதாய பவனத்தில் அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள். இனி விமானங்கள் தெற்கேதான் திரும்ப வேண்டும், ஊர் படுக்கிற நேரத்துக்கு முன்னால் பயிற்சியை முடித்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரவு பறக்கவே கூடாது. கேப்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூட்டம் கைதட்டியது. எல்லாரும் எழப்போகும்போது உமாதேவி எழுந்தாள்.

"இன்னொண்ணு பாக்கி இருக்குது."

அதிகாரி என்னவென்று கேட்டார். அவள் கேப்டனைப் பார்த்துச் சொன்னாள். "என் புருஷன் குடிச்சிருந்தார்னு சொன்னீங்க. அது பொய்னு இந்த ஜனங்க முன்னாடி சொல்லணும்."

கேப்டன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்து நின்று, "தெரியாமச் சொல்லிட்டேன். அவர் குடிச்சிருக்கலை" என்றார் தரையைப் பார்த்து.

"கேக்கலை."

உரக்க, மறுபடியும் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. உமாதேவிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அத்தோடு நிறுத்த மனமில்லை. "தொட்டையனைக் கொன்னது நான்தான்னும் சொல்லுங்க."

சுவரோரத்திலிருந்து கட்டை தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. சந்திரன் எழுந்து நின்றான்.

"அதை மட்டும் விட்டுடு உமா. அது அவருது இல்ல. என்னுது."

அவள் அவனை முறைத்தாள். அத்தனை பேருக்கு எதிரில் அவளை அவன் தடுத்தது அதுவே முதல் தடவை. கேப்டன் அந்த இடைவெளியில் நழுவிப் போய்க் காரில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் புருஷனோடு பேசவில்லை.

லேஅவுட் தூங்கியது. லிங்கம்மா வழக்கமான நேரம் தாண்டி எழுந்து வந்து, தூக்கத்தில் கனவு வந்ததென்று அதிசயமாகச் சொன்னாள். சந்திரன் மட்டும் தூங்கவில்லை. அவ்வளவு அமைதியிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி கௌதள்ளியில் இருக்கிறாள் என்று உமாதேவி பஸ் ஏறினாள். தொட்டையனின் மனைவி தேவம்மா வாசலில் அவரைக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை, கும்பிடவில்லை. உமாதேவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு."

உமாதேவி சொன்னாள். வேர்வையைச் சொன்னாள், கோணின உதட்டைச் சொன்னாள்.

"மறுக்காச் சொல்லு."

மறுபடி சொன்னாள். தேவம்மா கண்கள் பளபளக்கக் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு அவன் பேசியதையும், கேட்கவில்லை என்று இவள் சொன்னதையும் கேட்டபோது வாய்விட்டே சிரித்தாள். வெகுநாள் பசித்தவளுக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. உமாதேவிக்கும் மனசு குளிர்ந்தது. இதற்காகத்தானே எல்லாம்.

சிரித்து முடித்துத் தேவம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தனை பெரிய மனுசன், ஜனங்க முன்னாடி வந்து நின்னு சொல்லிப்போட்டான். உன்ற புருசன் இன்னும் எம்முன்னாடி வந்து நிக்கலியே."

"கால் முடியாம..." என்று இழுத்தாள் உமாதேவி.

"கூட்டத்துக்குப் போனானில்ல?"

திரும்பி வருகிற வழியெல்லாம் உமாதேவிக்குத் தேவம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவளுக்காகத்தானே நான் இத்தனையும் செய்தேன், என் புருஷனையே கேட்கிறாளே என்று. கொள்ளேகால் வந்து சேருவதற்குள் அந்த ஆத்திரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தேவம்மா கேட்டது, தான் கேப்டனிடம் கேட்டதைத்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "தேவம்மாக்கா உங்களைக் கூப்பிடுறாங்க" என்றாள். சந்திரன் "சரி" என்றான். அடுத்த நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான்.

தேவம்மா அவனை உள்ளே வரச் சொல்லவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் வாசலில் நின்றான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உமாதேவி நிழலுக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே நின்றாள். தலைப்பை எடுத்து அவன் நெற்றியைத் துடைக்கப் போனவள், தேவம்மா பார்ப்பதைப் பார்த்துக் கையை இறக்கினாள்.

"நான் தூங்கிட்டேன்" என்றான் சந்திரன். "வேற ஒண்ணுமில்ல. கண்ணசந்துட்டேன்."

தேவம்மா கேட்டாள். "கடைசியா அவரு என்ன பேசிட்டிருந்தாரு?"

"நீங்க இங்க பஸ் நின்னப்பக் குடுத்த தூக்குச்சட்டியைத் தொறந்து மோந்து பார்த்தான். பிதுக்கம்பருப்புக் குழம்பு டோய்னான். மலைக்குப் போயி எறங்கி ரெண்டு பேரும் திங்கலாம்னு சொல்லி மூடி வெச்சான். அப்புறம் முன்படியில வந்து நின்னான். அடுத்த ஸ்டாப்பு தாளபெட்டா வரப்போகுதுன்னு சத்தம் போட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப அவரு திங்கவே இல்லியா?"

"இல்லீங்."

"ராத்திரியெல்லாம் ஊறப்போட்டு, ஒவ்வொரு கொட்டையா பிதுக்குனேன்" என்றாள் தேவம்மா. அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஆனால் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். "அமாவாசைக்கு அமாவாசை நீ இங்க வந்து நிக்கோணும். இதே மாதிரி எனக்கு மொதல்ல இருந்து சொல்லோணும். எனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

இது என்ன நியாயம் என்று கேட்க உமாதேவிக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"வர்றேனுங்" என்றான் சந்திரன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அவன் தூங்கிவிட்டான். விபத்துக்குப் பிறகு உமாதேவி அப்படி அவன் தூங்கிப் பார்த்ததில்லை. மைசூர் வரும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அமாவாசைக்கு அமாவாசை அவர்கள் கௌதள்ளிக்குப் போகிறார்கள். தேவம்மா இன்னும் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை.